முதல் இடம் பக்கிரிக்கு!

தோழா!

அரசவை ஒன்றைக் காட்டுகிறேன், உடன் வா. வாயிற்காவலன் வழிமறிப்பானோ, உழைத்து உண்பவனுக்கு உள்ளே என்ன வேலை என்று விரட்டுவானோ என்று தயங்காதே. தாளிலே தீட்டிய அரசவை அது. இரு கைகளையும் சேர்த்து விரித்தால் ஏந்திக் கொள்ளலாம், அவ்வளவுதான் அளவு. ஆனால் அந்தச் சிறிய தாளுக்குள்ளே ஒரு பேரரசு அடங்கியிருக்கிறது. பேரரசையே தலைகுனிய வைக்கும் கேள்வி ஒன்றும் அடங்கியிருக்கிறது!

நடுவிலே வீற்றிருப்பவன் ஜஹாங்கீர். மொகலாயப் பேரரசன் அக்பரின் மகன். 1605 முதல் 1627 வரை ஆண்டவன். தலைக்குப் பின்னே பெரியதொரு பொன்வட்டம். கதிரவனும் பிறைமதியும் கலந்த ஒளிவட்டம். அவன் அமர்ந்திருக்கும் ஆசனமோ மணற்கடிகை! மேற்குடுவையிலிருந்து கீழ்க்குடுவைக்கு மணல் ஒழுகி ஒழுகி, நேரம் கழிவதைக் காட்டுமே, அந்தக் கண்ணாடிக் கருவி. மன்னன் ஆயிரம் ஆண்டு ஆள வேண்டும் என்ற வாழ்த்தை அந்தக் கடிகையின்மீது எழுதுகின்றன, சிறகு முளைத்த குழந்தைகள். மணலோ பெரும்பகுதி கீழே இறங்கிவிட்டது! வாழ்த்து ஒன்று சொல்கிறது. மணல் வேறொன்று சொல்கிறது.

மன்னன் எதிரே நால்வர், மேலிருந்து கீழாக வரிசையாக. இரண்டாவதாக இருப்பவன் துருக்கிச் சுல்தான். மூன்றாவதாக இருப்பவன் யார் தெரியுமா? இங்கிலாந்தின் அரசன், முதலாம் ஜேம்ஸ்! நான்காவதாக, கடைசியிலே, கையில் ஒரு படத்தோடு நிற்பவன், இந்த ஓவியத்தைத் தீட்டியவனே. பிசித்திர் என்பது அவன் பெயர்.

முதல் இடத்தில் இருப்பவர் யார்? முடி இல்லை, முத்துமாலை இல்லை. வெண்தாடி, எளிய அங்கி, தோளில் ஒரு போர்வை. சூபி ஞானி ஒருவர். ஆண்டி என்று நம் ஊரிலே சொல்வோமே, பக்கிரி என்பார்களே, அந்த வாழ்க்கை வாழ்ந்தவர். அஜ்மீர் தர்காவைச் சேர்ந்த ஷேக் உசேன் என்று ஆய்வாளர் பலர் கருதுவர். மன்னன் கையிலே ஒரு நூல். அதை நீட்டுகிறான். சுல்தானுக்கா? இல்லை. இங்கிலாந்து அரசனுக்கா? அவன் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை! பக்கிரிக்கு நீட்டுகிறான், அவர் தம் போர்வையிலே அதை ஏற்கிறார். அரசர்கள் எதிரே நின்றாலும் இம்மன்னனின் பார்வை ஞானியர் மீதே என்ற பொருள்படப் படத்தைச் சுற்றிப் பாரசீக மொழியில் எழுதியும் வைத்திருக்கிறார்கள்.

1615க்கும் 1618க்கும் இடையே தீட்டப்பட்டது என்று மதிப்பிடுகிறார்கள். அந்த 1615ஆம் ஆண்டிலேதான், இதே ஜேம்ஸ் அரசன் அனுப்பிய தாமஸ் ரோ என்ற தூதன் நம் கரையில் இறங்கினான். எதற்கு? வாணிப உரிமை கேட்டு! கடை வைக்க இடம் கேட்டு வந்தவர்கள், காலப்போக்கில் கல்லாவையும் எடுத்துக்கொண்டு, கடைத்தெருவையும் எடுத்துக்கொண்டு, கோட்டையையும் கொடியையும் எடுத்துக்கொண்ட கதை உனக்குத் தெரியும். ஆனால் அன்று, அந்தத் தாளிலே, அவர்களின் அரசனுக்குக் கிடைத்தது மூன்றாம் இடம். முதல் இடம் பக்கிரிக்கு!

கைதட்டத் தோன்றுகிறதா, தோழா? பொறு. கைதட்டும் முன்னே ஒரு கேள்வி கேட்டுப் பழகியவர்கள் நாம். இந்தப் படத்தைத் தீட்டச் சொன்னவர் யார்? பக்கிரியா? அல்ல, மன்னன்! பக்கிரியைப் பணிகிறேன் பாருங்கள் என்று பார்ப்போருக்கெல்லாம் பறைசாற்றிக் கொள்பவன் மன்னன். பணிவையும் பதாகையிலே எழுதிப் பிடிப்பது அரண்மனையின் பழக்கம்.

இன்னொரு படத்தைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். அதே பிசித்திர் தீட்டியது. இன்று அயர்லாந்து நாட்டின் டப்ளின் நகரில், செஸ்டர் பீட்டி நூலகத்திலே இருக்கிறது. அஜ்மீரிலே அடக்கமான குவாஜா முயினுத்தீன் சிஷ்தி வெண்ணிற உடையிலே நிற்கிறார். கையிலே உலக உருண்டை, அதன்மேல் மணிமுடி. அதற்கு இணையாக இன்னொரு தாள். அதிலே உருண்டையைக் கையில் தாங்கி நிற்பவன் ஜஹாங்கீர். இரு உலகையும் வெல்லும் திறவுகோல் உன் கையிலே என்ற பொருளில் வாசகம் வேறு! குவாஜா மறைந்தது 1236இல். ஓவியன் தூரிகை எடுத்தது ஏறத்தாழ 380 ஆண்டுகள் கழித்து. அவர் முகத்தை அவன் கண்டதில்லை, கற்பனையிலே கண்டான். கந்தல் உடுத்தி, காய்ந்த ரொட்டி தின்று, ஏழையோடு ஏழையாக இருந்தவர் என்று மக்கள் போற்றிய ஒருவரின் கையிலே மணிமுடியைக் கொடுத்து, அதை மன்னனுக்கு வழங்கச் செய்துவிட்டார்கள்! மக்களின் மனத்திலே யார் இருக்கிறாரோ, அவரிடம் நற்சான்று வாங்காமல் அரியணை நிலைக்காது. அதை அரண்மனை அறிந்திருந்தது.

அப்படியானால் எல்லாம் வெறும் வேடம்தானா? அப்படியும் சொல்லிவிட முடியாது. அக்பர், மகன் பிறந்தால் நடந்தே வருவேன் என்று நேர்ந்துகொண்டு, 1570இல் ஆக்ராவிலிருந்து அஜ்மீர் வரை கால்நடையாகவே போனான். யானைக்கும் குதிரைக்கும் குறைவில்லாதவன், புழுதியிலே நடந்தான்! அந்த நடையையும் ஓவியமாக்கினார்கள். அது இன்று இலண்டனிலே விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அப்படிப் பிறந்த மகன்தான் ஜஹாங்கீர். 1614இல் நோயுற்றுத் தேறியபோது, குவாஜாவின் அடிமை நான் என்பதற்கு அடையாளமாகக் காது குத்தி முத்து அணிந்தான். அதன் பிறகு வந்த படங்களில் அவன் காதைப் பார், முத்து மின்னும். லாகூரைச் சேர்ந்த மியான் மீர் என்ற ஞானியைச் சந்தித்தபோது, இவருக்கு என்ன பரிசு தருவது என்று திகைத்தான். பொன்னைத் தொடாத மனிதருக்குப் பொன் தந்து பயன் என்ன? தொழுகையின்போது விரித்துக்கொள்ள ஒரு வெள்ளை மான்தோலைத் தந்தான். இதைத் தன் நினைவுக் குறிப்பிலே அவனே எழுதி வைத்திருக்கிறான். உலகத்துக்கே வாரி வழங்குவதாகச் சொல்லிக்கொண்டவன், ஒன்றும் வேண்டாத ஒருவர் எதிரே ஏழையாகிப் போனான்!

இஸ்லாத்திலே உருவ வழிபாடு இல்லையே, ஞானியரின் உருவங்களை எப்படித் தீட்டினார்கள் என்று கேட்பாய். கேட்க வேண்டிய கேள்விதான். பள்ளிவாசல் சுவரிலே இந்தப் படங்கள் இல்லை. திருக்குர்ஆன் ஏடுகளிலும் இல்லை. மார்க்க அறிஞர் பலர் உயிருள்ளவற்றின் உருவம் தீட்டுவதையே ஏற்கவில்லை. இவை கையிலே ஏந்திப் பார்க்கும் தொகுப்பேடுகளிலே, நூல்களின் நடுவிலே இடம்பெற்ற படங்கள். தொழுவதற்கு அல்ல, நினைப்பதற்கு. அக்பர் இதற்கு ஒரு விடை சொன்னதாக அவன் அவையின் அறிஞர் அபுல் பசல் எழுதுகிறார். உறுப்பு உறுப்பாக ஓர் உயிரின் வடிவத்தைத் தீட்டி முடிக்கும் ஓவியன், அதற்கு உயிரூட்டத் தன்னால் ஆகாது என்று உணர்கிறானே, அந்த நொடியிலே உயிர் கொடுத்தவனை எண்ணுகிறான். ஓவியனுக்கு இறைவனை அறிய அது ஒரு தனி வழி என்பது அந்த விடையின் சாரம். ஏற்பவர் ஏற்கட்டும், மறுப்பவர் மறுக்கட்டும். விவாதம் நடந்தது, தூரிகையும் நடந்தது.

இப்போது நான் உன்னை அழைத்துப் போக விரும்பும் இடம் அரியணை அல்ல, தோழா. பட்டறை! படம் பிறந்த பட்டறை.

தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பசையிட்டு ஒட்டுவார்கள். வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுவார்கள். அணில் வால் மயிரிலே தூரிகை. பதக்‌ஷான் மலையிலே வெட்டி எடுத்த நீலக்கல்லை அரைத்து நீலம், சாதிலிங்கத்திலே சிவப்பு, தங்க ரேக்கை இழைத்துப் பொன்வண்ணம். அக்பர் காலத்துப் பட்டறையிலே பணிப்பிரிவு கூட இருந்தது. ஒருவன் கோடிழுத்துக் காட்சியை அமைப்பான்; ஒருவன் வண்ணம் தீட்டுவான்; முகம் தீட்ட மட்டும் கைதேர்ந்த இன்னொருவன் வருவான். எழுத்தர்கள் படத்தின் அடியிலே யார் யார் உழைத்தார்கள் என்று பெயர் குறித்து வைப்பார்கள். வாரந்தோறும் மன்னன் பார்வைக்குப் படங்கள் போகும். வேலையின் தரம் கண்டு வெகுமதி, அல்லது சம்பள உயர்வு. ஆம், அதுவும் ஓர் ஆலைதான்! அங்கே குனிந்து அமர்ந்து கண்ணைக் கரைத்தவர்களும் தொழிலாளர்கள்தான்.

யார் அந்தத் தொழிலாளர்கள்? அபுல் பசல் தம் காலத்தின் தலைசிறந்த ஓவியர்கள் என்று 17 பேரைப் பெயர் சொல்லிக் குறிக்கிறார். எண்ணிப் பார்த்தால் அவர்களில் 13 பேர் இந்துக்கள்! தாஸ்வந்த், பசாவன், கேசு, லால், முகுந்த், மாது, மகேஷ் என்று நீள்கிறது பட்டியல். பசாவனும் அப்துஸ் சமதும் ஒரே கூரையின் கீழ்; முகுந்தும் மீர் சையத் அலியும் ஒரே சம்பளப் பேரேட்டிலே. நபிகள் நாயகத்தின் சிறிய தந்தை ஹம்சாவின் வீரச் செயல்களைச் சொல்லும் ஹம்சா நாமாவுக்காகத் துணியின் மீது தீட்டிய பெரும் படங்கள் மட்டும் ஏறத்தாழ 1,400. அதை முடிக்கச் சுமார் 15 ஆண்டுகள் ஆயின. அத்தனை படங்களையும் தீட்டத் தூரிகை பிடித்த கைகளிலே எது எந்தச் சமயத்துக் கை என்று வண்ணத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா?

தாஸ்வந்தின் கதையைக் கேள். பல்லக்குத் தூக்கியின் மகன் அவன்! தந்தையின் தோளிலே தழும்பு. மகனின் விரலிலே தீ. கண்ட சுவரிலெல்லாம் கிறுக்கிக்கொண்டு திரிந்த பிள்ளையை அக்பர் கண்டான். குவாஜா அப்துஸ் சமதிடம் ஒப்படைத்தான். பாரசீகத்திலிருந்து வந்த முஸ்லிம் ஆசான், பல்லக்குத் தூக்கியின் இந்துப் பிள்ளைக்குக் கலையைக் கற்பித்தார். என்ன குலம், என்ன கோத்திரம் என்று கேட்டுக் கதவைச் சாத்தவில்லை. மாணவன் வளர்ந்தான்; தன் காலத்தின் முதல்வரிசை ஓவியனாக உயர்ந்தான். ஹம்சா நாமாவிலும் அவன் கைவண்ணம் உண்டு என்று ஆய்வாளர் கருதுவர். ஆனால் அந்த அறிவை மனநோய் கவ்வியது. 1584இல் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டான். பல்லக்கிலே போனவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் பெயர் நமக்குத் தெரியாது. பல்லக்கைத் தூக்கியவனின் மகன் பெயர் 400 ஆண்டுகளுக்குப் பிறகும் நிற்கிறது!

அடுத்த தலைமுறையின் பிசித்திரும் இந்து என்பதே ஆய்வாளர் பலரின் கருத்து. அவன் தன்னையே தீட்டிய உருவத்திலே அங்கியை இடப்புறம் முடிந்திருக்கிறான். அன்றைய அவையிலே இந்துக்கள் அங்கி முடிந்த முறை அது. மன்னன் காலடியில் உள்ள படிமேடையிலே தன் பெயரை எழுதினான். நான்காம் இடத்திலே அடக்கமாக நின்றான். ஆனால் முகத்தை யாருக்கு எப்படித் தீட்டினான், பார். பக்கிரியின் தாடியிலே ஒவ்வொரு மயிரையும் தனித்தனியே இழைத்தான். நெற்றிச் சுருக்கத்திலே வாழ்ந்த ஆண்டுகளை எழுதினான். தன் சமயத்தைச் சேராத ஒரு முதியவரின் முகத்தை இவ்வளவு அன்போடு தீட்ட, எந்தக் கட்டளையால் முடியும்? கட்டளை படத்தைத் தரும், கனிவைத் தருமா?

மன்னன் படத்தையும் பார்த்தாய். தொழிலாளி கையையும் பார்த்தாய். இனி, ஒரு பெண்ணின் கண்ணைப் பார்க்க வேண்டும்.

ஜஹாங்கீருக்குப் பின் அவன் மகன் ஷாஜஹான். ஷாஜஹானின் மகள் ஜஹனாரா, 1614இல் பிறந்தவள். அவள் தம்பி தாரா ஷூக்கோ. இருவர் மனமும் மியான் மீரின் வழியிலே சென்றது. மியான் மீர் 1635இல் மறைந்த பின், அவருடைய மாணவர் முல்லா ஷாவைக் குருவாக ஏற்றார்கள். தாரா இளவரசன், ஆண். குரு இருக்கும் இடம் தேடிப் போகலாம், எதிரே அமரலாம், மியான் மீரும் முல்லா ஷாவும் வீற்றிருக்க, தாரா பணிவோடு அமர்ந்திருக்கும் படங்கள் உண்டு. ஜஹனாரா? பேரரசனின் மகள். கருவூலத்துச் செல்வம் அவள் கையிலே. ஆனால் திரை! திரைக்கு அப்பால் குரு. திரைக்கு இப்பால் அவள். கடிதம் போகும், அவளால் போக முடியாது.

அங்கேதான் ஓர் ஓவியம் அவளுக்குக் கைகொடுத்தது. குருவின் உருவத்தை ஓவியன் ஒருவன் தாளிலே தீட்டியிருந்தான். அந்தத் தாளை எதிரே வைத்து, அந்த முகத்தை மனத்திலே நிறுத்தித் தியானம் செய்ததை, தன் குருவைப் பற்றி எழுதிய நூலிலே அவளே குறித்திருக்கிறாள். பொன்வட்டம் இல்லாத படம். மணிமுடி வழங்காத படம். அரசியல் சான்றிதழ் அல்லாத படம். பூட்டிய கதவுக்குள்ளே ஒரு பெண்ணுக்குச் சாளரமாக நின்ற படம்! எத்தனையோ மாளிகைகளைக் கட்ட வல்லவளுக்கு, ஒரு தொழிலாளி தீட்டிய ஒரு தாள்தான் வழி திறந்தது. முயினுத்தீன் சிஷ்தியின் வரலாற்றையும் நூலாக எழுதினாள் அவள். அரண்மனைப் பெண்டிர் எழுதுவதா என்று கேட்ட காலத்திலே, எழுதினாள்!

பிறகு நடந்ததை வரலாறு இரத்தத்தால் எழுதியது. தாரா, காசியின் பண்டிதர்களை அழைத்து, 50 உபநிடதங்களைப் பாரசீக மொழியில் பெயர்த்தான். 1657இல் அந்தப் பணி முடிந்தது. இரு கடல்கள் கலக்கும் இடத்தைத் தேடினான். தம்பி அவுரங்கசீப்போ அரியணையைத் தேடினான். போரிலே வென்றான், மார்க்கம் தவறியவன் என்று அண்ணன்மீது குற்றம் சாட்டி, 1659இல் கொன்றான். சமயம் சொல்லிச் செய்தார்கள்; சிங்காதனத்துக்காகச் செய்தார்கள்.

ஆனால் முடிவைக் கேள். 1681இல் மறைந்த ஜஹனாரா எங்கே உறங்குகிறாள்? தந்தை கட்டிய தாஜ்மகாலிலே அல்ல. டில்லியிலே, ஞானி நிஜாமுத்தீன் அவுலியாவின் தர்காவிலே. மேலே கூரை இல்லை; கல்லறையின் நடுவே மண், மண்ணிலே புல். அண்ணனைக் கொன்ற அவுரங்கசீப்? 1707இல் அவனும் மறைந்தான். அவன் எங்கே? குல்தாபாத்திலே, ஷேக் ஜைனுத்தீன் என்ற ஞானியின் தர்கா முற்றத்திலே, எளிய மண் கல்லறையிலே! ஆண்டபோது அரியணையின் மேலே. மாண்டபோது பக்கிரியின் பக்கத்திலே. பிசித்திர் தீட்டிய வரிசை பொய்க்கவில்லை, தோழா!

அந்தப் படங்கள் என்னவாயின? அரண்மனைப் பட்டறைக்கு ஆதரவு குன்றியது. ஓவியர்கள் மூட்டை கட்டினார்கள். அயோத்தி, முர்சிதாபாத், இராசபுத்திர நாடுகள் என்று பிழைப்புத் தேடிப் போனார்கள். போன இடங்களிலும் ஞானியரைத் தீட்டினார்கள். மீன்மீது நின்று நீரிலே வரும் பச்சை ஆடைக் குவாஜா கிசிர். பல்கு நாட்டு அரியணையை உதறிவிட்டுத் துறவியான இப்ராகிம் இப்னு அதம், அவருக்கு உணவுத் தட்டு ஏந்தி வரும் வானவர்கள். முடியைத் துறந்தவனுக்கு வானமே சோறு போடுகிறது என்று தீட்டினான், முடியாட்சியில் வாழ்ந்த ஓவியன்! 1739இல் நாதிர்ஷா டில்லியைச் சூறையாடினான். அரண்மனைச் செல்வம் ஈரானுக்குப் போயிற்று. பிசித்திரின் அந்தப் படமும் ஈரான் சென்று, அங்கே ஒரு தொகுப்பேட்டிலே ஒட்டப்பட்டு, இன்று அமெரிக்காவின் வாஷிங்டன் நகரிலே, பிரீர் கலைக்கூடத்திலே இருக்கிறது. இங்கே அணில் வால் மயிரால் இழைத்த தாடியை அங்கே போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது!

படம் போயிற்று, பழக்கம் போகவில்லை. தூரிகை செய்த வேலையை அச்சு இயந்திரம் எடுத்துக்கொண்டது. தர்கா வாசல் கடைகளிலே தொங்கும் வண்ணப் படங்களைப் பார்த்திருப்பாய். வாங்குபவன் எல்லாச் சமயத்தவன். அச்சிடுபவனும் எல்லாச் சமயத்தவன். நம் சிவகாசியிலே காலண்டர் அச்சிடும் தோழனைக் கேள். முருகன் படம் ஓடிய இயந்திரத்திலேதான் மக்கா மதீனா படமும் ஓடுகிறது. வேளாங்கண்ணி மாதாவும் ஓடுகிறாள். மையின் வாசனை ஒன்று, வியர்வையின் வாசனை ஒன்று, கூலியும் ஒன்று. அக்பர் பட்டறையின் கடைசி வாரிசு நீதான், தோழா!

ஞானியரின் அற்புதங்களை நம்பு என்று சொல்ல நான் வரவில்லை. மன்னர்களை மெச்சு என்றும் சொல்லவில்லை. நான் சொல்ல வந்தது ஒன்றே. அவன் வேறு, நீ வேறு. அவன் பெரியவர் அவனுக்கு, உன் பெரியவர் உனக்கு. ஒருவருக்கொருவர் கைகூப்பியதே இல்லை என்று எவனாவது உன் காதிலே ஓத வருவான். வந்தால், வாதாடாதே, கைகலக்காதே. அந்தத் தாளை நினைத்துக்கொள். அங்கே ஒரு பக்கிரியின் முகம் இருக்கிறது. மன்னன் அதைக் காட்டி முடியைக் காத்துக்கொண்டான். இளவரசி அதை நோக்கி மனத்தைத் திறந்துகொண்டாள்.

அந்த முகத்தைத் தீட்டிய கை யாருடையது என்று மட்டும் அவனைக் கேள்!